ஓடத்தில் வந்த சொற்கள்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ 26 வீதியில் தென்னக்கும்புறைப் பாலத்தைக் கடந்ததும் மகாவலியின் அக்கரையில் தும்பறை தொடங்குகிறது. குண்டசாலை, பல்லேகலை, திகன, தெல்தெனிய என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த வழியில் ஓடும் தனியார் பஸ்ஸில் நடத்துநர் படிக்கட்டில் தொங்கும் பையனை 'மல்லி' என்று கூப்பிட்டு உள்ளே போகச் சொல்வார். மல்லி என்றால் தம்பி. சிங்களப் பையன், தமிழ்ப் பையன், முஸ்லிம் பையன் எல்லோரும் அவருக்கு மல்லிதான். யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. அதே பஸ்ஸில் ஒரு முஸ்லிம் பையனை அவர் 'தம்பியா' என்று அழைத்துவிட்டால் பஸ்ஸே ஒரு கணம் அமைதியாகிவிடும்.

இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே. நம் வீடுகளில் பாசத்தோடு புழங்கும் தம்பி, சிங்களப் பேச்சுக்குள் போய் ஒரு 'யா' சேர்த்துக்கொண்டதும் முஸ்லிம்களை இழித்துச் சொல்லும் சொல்லாகிவிட்டது. கடைகளில் முஸ்லிம் வியாபாரிகள் ஒருவரையொருவர் தமிழில் அழைத்துக்கொண்டது பக்கத்திலிருந்தவர் காதில் விழுந்து, அழைப்பே ஆளின் பெயராகிப்போனது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தக் கட்டத்தில் அதில் வன்மம் இருந்திருக்க வேண்டியதில்லை. பிறகு எங்கே புகுந்தது?

இந்தக் கேள்வியை அகராதியிடம் கேட்டுப் பயனில்லை. 'இழிவழக்கு' என்று ஓர் அடைப்புக்குறி போட்டுவிட்டு அது நகர்ந்துவிடும். அந்த அடைப்புக்குறி என்றைக்கு விழுந்தது, யார் போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் சொல்லை விட்டுவிட்டு அது புழங்கிய ஊரைப் பார்க்க வேண்டும். குண்டசாலையும் அதைச் சுற்றிய கண்டி நாடும் அதற்கு நல்ல இடம். இங்கே இனப் பெயர்கள் பிறந்திருக்கின்றன, சட்டமாகியிருக்கின்றன, தீயாகவும் ஆகியிருக்கின்றன.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இலங்கையில் ஓர் இனத்தை இழித்துச் சொல்லப் பயன்படும் பழைய சொற்களில் மூன்றை எடுத்தால் மூன்றுக்குள்ளும் ஓர் ஓடம் மிதக்கிறது. முஸ்லிம்களைச் சிங்களத்தில் 'மரக்கல' என்பார்கள். அது நம் மரக்கலம், கடலோடும் கப்பல். இன்னொன்று 'ஹம்பயா'. ஹம்பன் என்பது ஒருவகைப் படகு. அம்பாந்தோட்டையின் பெயரிலும் அதே படகுதான் கட்டிக் கிடக்கிறது என்பர். மூன்றாவது 'கள்ளத்தோணி'. இது தமிழிலேயே பிறந்து, எழுத்து மாறாமல் சிங்களத்துக்குள் போய், மலைநாட்டுத் தோட்டத் தமிழரின் நெற்றியில் ஒட்டப்பட்டது. மூன்று சொல்லும் தமிழோடு ஏதோவொரு வகையில் தொடர்புள்ளவை. மூன்றும் கேட்பது ஒரே கேள்வி: நீ எந்தப் படகில் வந்தாய்?

ஒரு தீவில் இந்தக் கேள்விக்கு என்ன பெறுமதி? மகாவம்சத்தின்படி விஜயனும் எழுநூறு தோழர்களும் வந்ததும் கப்பலில்தான். படகில் வந்தது என்பது இங்கே எல்லோருக்கும் பொதுவான சங்கதி. ஆனால் சிலரின் படகு காவியமாகிறது, சிலரின் படகு குற்றப்பத்திரிகையாகிறது. ஒரு சாதாரணச் சொல் வசையாகும் இடம் இதுதான் என்பது என் கட்சி. பெயரைச் சொல்லும் வரை அது சொல்தான். 'நீ எப்படி இங்கே வந்தாய், எப்போது போவாய்' என்று கணக்குக் கேட்கத் தொடங்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டமோ கூட்டமோ நிற்கும்போது, அதே சொல் கல்லாகிவிடுகிறது.

குண்டசாலைக்கே வருவோம். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் தன் அரண்மனையை இங்கே ஆற்றங்கரையில் கட்டிக்கொண்டு வாழ்ந்தவன். மக்கள் அவனைக் குண்டசாலைத் தெய்யோ என்றே அழைத்தார்கள். மதுரை நாயக்கர் குடும்பத்துப் பெண்களை மணந்தவன். பட்டத்து அரசிக்குப் பிள்ளை இல்லை. அரச குலத்தைச் சேராத வேறொரு மனைவிக்குப் பிறந்த உனம்புவே பண்டாரனுக்கு முடி கிடைக்கவில்லை. அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறினான். நாயக்கர் காலம் அப்படித் தொடங்கியது. கண்டியின் கடைசிச் சிங்கள அரசன் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் மனிதன் குண்டசாலைக்காரன்.

அந்த நாளில் அரசன் எந்த மொழிக்காரன் என்பது இன்று நாம் கேட்பதுபோல் கேட்கப்பட்டதா? இதைப் பற்றி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே பெரிய வாதம் நடந்திருக்கிறது. ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் எழுதிய கட்டுரையில், சிங்களவர் என்ற பெயர் தொடக்கத்தில் ஆளும் குலத்தை மட்டும் குறித்தது, பல நூற்றாண்டுகள் கழித்தே முழு மக்களுக்கும் பொதுவானது என்று வாதிட்டார். அதே பல்கலைக்கழகத்தின் சிங்களப் பேராசிரியர் கே.என்.ஓ. தர்மதாச அதைக் கடுமையாக மறுத்தார். நாயக்கர் காலத்திலேயே இன உணர்வு கூர்மையாக இருந்தது என்பது அவர் பக்கம். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இருவரும் எடுத்துப் பார்க்கும் ஒரு சம்பவம் நம் கேள்விக்கு நேராக வருகிறது.

1760இல் நாயக்க அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல, அதிகார் என்னும் முதன்மை அமைச்சர் ஒருவரும் பிக்குகள் சிலரும் சதி செய்தார்கள். இந்தக் கீர்த்தி ஸ்ரீதான் 1753இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் முழுத் துறவுச் சடங்கை மீட்டவன். பாழடைந்த விகாரைகளைப் புதுப்பித்தவன். பௌத்தத்துக்கு இவ்வளவு செய்தவன் மேல் வைக்கப்பட்ட பழி, திருநீறு பூசும் பழக்கத்தை விடாத தமிழன் என்பது. அவனுக்குப் பதிலாக அரியணையில் வைக்க அவர்கள் தேடியது ஒரு சிங்களவனையல்ல, சயாம் இளவரசன் ஒருவனை! ஆக, அந்நியன் என்பதல்ல சிக்கல். அரண்மனையில் பிணக்கு இல்லாத நாளில் 'தமிழன்' வெறும் விவரம். பிணக்கு வந்த நாளில் அதுவே குற்றச்சாட்டு. சொல் ஒரே இடத்தில் இருந்தது. தேவைதான் மாறியது.

ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அது எழுத்தில் ஏறியது. 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி அரச சபை மண்டபமான மகுல் மடுவத்தில் படிக்கப்பட்ட, ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் செய்த உடன்படிக்கை, கண்டி மாகாணங்களை ஆளும் உரிமை 'மலபார் இனத்துக்கு' இனி இல்லை என்று அறிவித்தது. அரசனின் உறவினரான ஆண்கள் எல்லோரும் பகைவராக்கப்பட்டார்கள். கடைசி நாயக்க அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு அங்கே 1832இல் இறந்தான். அவன் குலம் தெலுங்கு வேரிலிருந்து வந்தது. வந்த ஊர் மதுரைப் பக்கம். புழங்கிய மொழிகளில் ஒன்று தமிழ். ஒட்டப்பட்ட பெயரோ கேரளக் கரையுடையது. ஒரே சொல்லில் இத்தனை பிழைகளை அடக்க ஐரோப்பியர்களால்தான் முடியும். போர்த்துக்கேயர் தொடங்கிவைத்த பிழை அது. தமிழரை மலபாரிகள் என்றும் தமிழை மலபார் மொழி என்றும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் 19ஆம் நூற்றாண்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னாளில் நேர்ந்தது இன்னும் சுவையானது. இலங்கையில் அது செத்துப்போயிற்று. இன்று யாரையும் மலபாரி என்று திட்ட முடியாது. இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினர் தங்களை மல்பார் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கோயில் திருவிழாவையும் அந்தப் பெயரிலேயே கொண்டாடுகிறார்கள். கூப்பிடு தூரத்திலுள்ள மொரீசியஸில் அதே மல்பார் இந்துக்களை இளக்காரமாகக் குறிக்கும் சொல். ஓர் ஒலிக்குள் நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரு தீவுகளையும் ஒருமுறை பார்த்து வரலாம்.

முஸ்லிம்கள் கதை வேறு மாதிரி. கண்டி அரசில் அவர்களுக்குப் பெயர் தந்தது படகு அல்ல, மாடு. பொதிமாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டுவந்து பாக்கும் நெல்லும் கீழே கொண்டுபோன முஸ்லிம்கள், அரசனின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அரண்மனை வைத்தியர்களிலும் முஸ்லிம் குடும்பத்தினர் இருந்தார்கள். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டியபோது செனரத் அரசன் அவர்களைத் தன் நாட்டில் குடியமர்த்தியதை வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். செய்யும் தொழிலால் பெயர் பெற்றவன் அந்தச் சமுதாயத்தின் படிவரிசையில் ஏதோ ஒரு படியில் நிற்கிறான். படி மேலோ கீழோ, நிற்க இடம் உண்டு. வந்த படகால் பெயர் பெற்றவனுக்கு அந்த இடமும் கிடையாது.

ஆங்கில ஆட்சியில் இன்னொரு திருப்பம். முஸ்லிம்களுக்குத் தனிப் பெயர் வேண்டுமா என்பதே சட்டசபை ஆசனப் பிரச்சினையாயிற்று. 1888இல் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். சோனகர் மொழியாலும் வழக்கத்தாலும் தமிழரே, மதம் மட்டும் இஸ்லாம் என்பது அவர் வாதம். கேட்கும்போது உறவு கொண்டாடுவதுபோல் இருக்கும். சோனகர் காதில் அது 'உங்களுக்குத் தனியாக ஒரு பிரதிநிதி எதற்கு' என்று விழுந்தது. சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பு எழுதினார். தம்பி என்று அணைப்பதும் சில வேளை தம்பியா என்று தள்ளுவதைப் போலவே வலிக்கும் என்பதைத் தமிழர்களாகிய நாம் இன்னும் சரியாக உணரவில்லை. சோனகர் என்ற சொல்லே யவனரிலிருந்து வந்தது. கிரேக்கரைக் குறித்த பெயர் அரபியருக்குப் போய், பிறகு முஸ்லிம்களுக்கு நிலைத்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், அமைப்புகளுக்குச் சூட்டினார்கள், குடிசன மதிப்பீட்டிலும் இலங்கைச் சோனகர் என்று பதிந்தார்கள். ஆனால் அதன் சுருக்கமான 'சோனி' தமிழர் வாயில் வரும்போது அது வேறு. ஓர் எழுத்துக் குறைந்தால் மரியாதையும் குறைகிறது.

1915இல் கண்டியில் பிடித்த தீ இந்தச் சொற்களைச் சுட்டு இறுக்கியது. கம்பளையில் பெரஹெரா என்னும் பௌத்த ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து மேளத்தோடு போகலாமா என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்தில் அதற்கு நேரெதிரான தீர்ப்பும் பெற்றிருந்தது. அந்தப் புகைச்சலோடு வந்த வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் தெருப் பள்ளிவாசல் முன்னால் பக்திப் பாடல் ஊர்வலத்தில் மூண்ட கலவரம் சில நாளில் பல மாகாணங்களுக்குப் பரவியது. அதன் முதல் இலக்கு கரையோரச் சோனகர், அதாவது இந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்தவர்கள். ஹம்பயா என்ற சொல் அவர்களுக்கு. பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால அந்த ஆண்டு எழுதிய கடிதத்தில் முஸ்லிம்களை அந்நியர் என்றார். அவர்கள் வளர்ந்த விதத்தை ஷேக்ஸ்பியரின் வட்டிக்காரன் ஷைலொக்கோடு ஒப்பிட்டார். உள்ளூர்ச் சோனகப் பெரியவர்கள் 'நாங்கள் வேறு, அவர்கள் வேறு' என்று பிரித்துக்காட்டப் பார்த்தார்கள். கல்லெறிந்தவனுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் ஹம்பயா எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இனி என் மக்களின் பெயருக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

தும்பறைப் பள்ளத்தாக்கில் முதலில் கோப்பியும் பிறகு கொக்கோவும் பயிராயின. அதற்கு ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஏடுகளில் கொடுத்த பெயர் கூலி. தமிழில் அது உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது. முயற்சிக்குக் கிடைக்கும் பலனைச் சொல்ல வள்ளுவரே எடுத்த சொல். ஆங்கிலத் தோட்டக் கணக்கில் அது சம்பளத்திலிருந்து ஆளுக்கு இடம் மாறியது. வாங்குவது கூலி என்ற நிலை போய், வாங்குகிறவனே கூலி. தென்னாப்பிரிக்கா முதல் கயானா வரை போன இடமெல்லாம் இந்தியனுக்கு அதுவே பெயரானது. இன்றும் 'நாள் கூலிக்குப் போறேன்' என்று ஒருவர் சொல்லும்போது அதில் இழிவில்லை. அவரை 'கூலி' என்று இன்னொருவர் சொன்னால் இருக்கிறது. வேற்றுமை உருபு ஒன்றில் ஒரு மனிதனின் மானம் தொங்குவதை வேறெங்கே பார்க்க முடியும்?

1911 குடிசன மதிப்பீட்டில் முதன்முறையாக இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பத்திகள் போடப்பட்டன. அன்று இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஆட்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து இலட்சத்துக்கு மேல். கணக்கெடுப்பவருக்கு அது வசதிக்கான கோடு. 'இந்தியத் தமிழர்' என்பதில் அப்போது வசை எதுவும் இல்லை. 1939இல் நேரு வந்தபோது உருவான அமைப்புக்கே இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள். 1947 தேர்தலில் அதன் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள்.

அடுத்த ஆண்டு அந்தக் கோடு கத்தியாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த சட்டங்களும் தோட்டத்து மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அதுவரை விவரமாக இருந்த 'இந்திய' என்ற அடைமொழி இனி ஒரு தீர்ப்பு. 1950இல் காங்கிரஸ் தன் பெயரிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. பெயரை மாற்றியதால் காகிதம் மாறவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேர் பங்கு பிரிக்கப்பட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

கள்ளத்தோணி என்ற சொல் ஊன்றியது இந்தக் காலத்தில்தான். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த வழியைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் அநியாயம் புரியும். கங்காணி சேர்த்த ஆள் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை பார்த்து, எந்தத் தோட்டம் என்று எண் குத்திய தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர். இலங்கைக்கு வந்தவர்களில் இவ்வளவு பதிவோடு வந்த கூட்டம் வேறில்லை. ஐம்பது, அறுபதுகளில் கள்ளமாய்க் கடல் கடந்தவர்களும் இருந்தார்கள், உண்மை. அவர்களைப் பிடிக்க இராணுவத்தில் தனிப் பிரிவே இருந்தது. அந்தச் சிலரின் பெயர் எல்லோர் மேலும் கவிழ்ந்தது. குடியுரிமை இல்லாதவன் தான் கள்ளத்தோணி இல்லை என்று நிரூபிக்க எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? காகிதத்தைக் கொடுக்க மறுத்தவர்களே காகிதம் இல்லை என்று திட்டினார்கள்.

ஒப்பந்தப்படி போனவர்களை ஏற்றிய ரயிலை மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி அக்கரை போய், நீலகிரியில் தேயிலைக் காட்டில் குடியேறியவர்களை அங்குள்ளவர்கள் எப்படி அழைத்தார்கள்? சிலோன்காரன். இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன். இரண்டுமே அகராதிப்படி வெறும் ஊர்ப் பெயர்கள். வந்த இடத்தைக் காட்டி இருக்கும் இடத்தை மறுக்கும் வேலையை இரண்டும் ஒழுங்காகச் செய்தன.

'மலையகம்' என்ற சொல்லை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அறுபதுகளில் மலைநாட்டு எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இளைஞர்களும் அதைக் கையில் எடுத்து வளர்த்தார்கள். வந்த படகையும் விட்ட ஊரையும் அது பேசாது. நிற்கும் நிலத்தைச் சொல்லும். இந்தப் பெயருக்கும் எதிர்ப்பு உண்டு. கொழும்பிலும் களுத்துறையிலும் வன்னியிலும் இருப்பவர்கள் மலையகத்தவரா என்று கேட்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 'இந்திய வம்சாவளி' என்றே பேசுவதால் சட்டப் பிடிமானத்தை விட்டுவிடக் கூடாது என்போரும் உண்டு. நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் ஒரு மக்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட ஒரே பெயர் அது என்பதால் என் வாக்கு அதற்கே. 2023இல் இருநூறாம் ஆண்டையொட்டி 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். 2024 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்பதோடு 'மலையகத் தமிழர்' என்பதும் சேர்ந்தது. பழைய கோடு அழியவில்லை. பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்திருக்கிறது.

இதுவரை பிறர் வாயைப் பற்றிப் பேசியாயிற்று. நம் வாயையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

தோட்டக்காட்டான் என்ற சொல்லைச் சிங்களவர் உண்டாக்கவில்லை. வடக்கத்தியான் என்பதும் யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். 'நாங்க தோட்டத்து ஆளுங்க' என்று எங்கள் பாட்டிமார் நிமிர்ந்து சொல்வார்கள். அதே தோட்டத்தோடு ஒரு காட்டையும் ஓர் ஆன் விகுதியையும் சேர்த்தால் தலை குனிய வைக்கும் சொல் வந்துவிடுகிறது. முஸ்லிம்களைத் 'தொப்பி பிரட்டி' என்று நாம் கேலியாகச் சொல்லி வந்தோம். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரையான அவகாசத்தில் ஊரைவிட்டு விரட்டியபோது, பெரிதாக யாரும் திடுக்கிடாதிருந்ததில் அந்தக் கேலிக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பத்தகாதவன் என்று ஒருவனைப் பல காலமாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லி வைத்தால், அவனை வெளியேற்றும் நாளில் விளக்கம் தேவைப்படாது. 'மோட்டுச் சிங்களவன்' நம் வீட்டுத் திண்ணைகளில் இன்றும் உட்கார்ந்திருக்கிறான்.

தமிழ் இதில் ஒரு வசதி செய்து தருகிறது. சிங்களவர், சிங்களவன். அர், அன். நாம் பொருளை மாற்றாமல் மரியாதையை மட்டும் கழற்றிவிடலாம். சிங்களத்திலும் 'தெமள ஜாதிகயா' என்றால் தமிழ் இனத்தவர். 'தெமளா' என்றால் முகம் சுளிக்கும். அதற்கு முன்னால் 'பர' சேர்ந்தால் ஓட வேண்டியதுதான். 1958, 1983 கலவரங்களில் ஓடியிருக்கிறோம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'சிங்ஹலயா' என்பதும் அதே விகுதி கொண்டதே. மேடைகளில் அது பெருமிதத்தோடு ஒலிக்கிறது. ஆக விகுதியும் குற்றவாளி இல்லை. தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவன் எந்த விகுதியையும் தாங்குவான்.

புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சிறு சமூகம் ஒன்று வாழ்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்தவர்களின் வழி. மஞ்ஞா என்ற அவர்களது பாட்டும் ஆட்டமும் பெயர் பெற்றவை. அவர்கள் தங்களைக் காப்பிரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதே சொல்லைப் பொலிஸாரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னதற்காக 2018 மார்ச் இறுதியில் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பியது. அங்கே அந்த ஒலி நிறவெறி ஆட்சியின் சாட்டை. இங்கே அப்படியொரு சாட்டையை அது சுமக்கவில்லை.

அதைவிடக் கூர்மையான வழக்கு அதே ஆண்டு மே மாதம் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தீர்ந்தது. ருஸ்டன்பர்க் பிளாட்டினச் சுரங்கத்தில் வாகனம் நிறுத்தும் இடம் தொடர்பான சச்சரவில் வெள்ளை ஊழியர் ஒருவர், 'அந்தக் கறுப்பு மனிதனின்' வாகனத்தை அகற்றச் சொன்னார். வேலை போனது. கறுப்பு மனிதன் என்பது வெறும் வருணனைதானே, அதில் வசை எங்கே என்று மேல்முறையீட்டுத் தொழில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. இவ்வளவு வரலாறு கனக்கும் நாட்டில் ஒரு சொல்லை நடுநிலையானது என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதே பிழை. சொன்ன சூழலில் ஒரு நியாயமான மனிதனின் காதில் அது எப்படி விழும் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கு. சொல்லின் அகராதிப் பொருள் அங்கே தோற்றது. சொன்னவரின் 'நான் அப்படி நினைக்கவில்லை'யும் தோற்றது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பெரும்பாலும் உடன்பாடு. ஒரே ஒரு தயக்கம். கேட்பவர் காதை மட்டும் அளவுகோலாக்கினால் எந்தக் கூட்டமும் தன் காதைத் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளும். இலங்கையில் அது நடந்தும்விட்டது. அதற்கு வருமுன், அகராதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம்.

2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் காயமடைந்து, மார்ச் தொடக்கத்தில் இறந்தார். மார்ச் 5ஆம் தேதி குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டிலிருந்து ஓர் இளைஞனின் உடல் எடுக்கப்பட்டது. மறுநாள் அவசரகால நிலை. அதற்கு மறுநாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. அதற்கு முன் பல ஆண்டுகளாகவே தம்பியா, மரக்கலயா என்ற சொற்கள் முகநூலின் சிங்களப் பக்கங்களில் பெருகி வந்தன. இங்கிருந்து முறையிட்டவர்களுக்கு, இந்தப் பதிவுகள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. 2020 மே மாதம் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. சிங்களம் தெரியாத ஒருவருக்கோ ஓர் இயந்திரத்துக்கோ 'தம்பியா' என்பது தம்பிதானே! அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு தீயை அளந்தார்கள்.

அப்படியானால் சட்டம்? நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்த 2007இல் வந்த 56ஆம் இலக்கச் சட்டம், இன, மத வெறுப்பைத் தூண்டுவதைப் பிணை கிடைக்கக் கடினமான குற்றமாக்குகிறது. நோக்கம் நல்லது. ஆனால் அது பாய வேண்டிய இடத்தில் பதுங்கி, பதுங்க வேண்டிய இடத்தில் பாய்ந்தது. ஒரு சிங்கள எழுத்தாளர் தான் எழுதிய சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் இதே சட்டத்தில் கைதாகி, மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். ஒரு சொல்லை எப்போது குற்றமாக்குவது என்று சட்டம் கேட்கும்போது அது முதலில் பார்க்க வேண்டியது சொன்னவன் கையில் என்ன அதிகாரம் இருந்தது, கேட்டவனுக்குத் திருப்பிச் சொல்ல வழி இருந்ததா என்பதை. நம் பொலிஸ் நிலையங்கள் பார்த்தது யார் பெரும்பான்மை என்பதை.

அதற்கும், கூட்டம் தன் காதை நீட்டிக்கொண்டதற்கும் ஓர் உதாரணம் இதே ஏ 26 வீதியிலேயே உண்டு. குண்டசாலையையும் தெல்தெனியவையும் தாண்டி, பதினெட்டு வளைவு இறங்கினால் ஹசலக்க. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குச் சில வாரம் கழித்து, 2019 மே மாதத்தில், அங்கே ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. உடுத்தியிருந்த சட்டையில் தர்மச் சக்கரம் அச்சிடப்பட்டிருக்கிறது, பௌத்தரின் மனதைப் புண்படுத்துகிறது என்று 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டி இரண்டு வாரத்துக்கும் மேல் அடைத்து வைத்தார்கள். பின்னர் உச்ச நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்த்தது. அந்தச் சட்டையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம்.